மைதானத்தைக் கிளப்பிடமிருந்து பிரிக்காதீர்கள்: இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் கால்பந்து கிளப்பின் தலைவர் அவர்களுக்கும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும்,

கடந்த வாரம் நீங்கள் வெளியிட்ட அறிக்கையின் மூன்றாவது பத்தியில், நிதிநிலையைச் சீரமைப்பதற்காக மைதானத்தின் உரிமை ஒரு தனி நிறுவனத்துக்கு மாற்றப்படும் என்றும், கிளப் அங்கே குத்தகைக்குத் தொடர்ந்து விளையாடும் என்றும் சொல்லியிருந்தீர்கள். அதற்கு மேலே புதிய ஜெர்சி பற்றிய செய்தி. கீழே சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டிய கடைசித் தேதி. அந்தத் தனி நிறுவனம் யாருடையது, என்ன விலைக்கு மாற்றுகிறீர்கள், குத்தகை எத்தனை வருடத்துக்கு, வாடகை எவ்வளவு, வாடகை பாக்கி விழுந்தால் என்ன ஆகும் என்ற எதற்கும் அதில் பதில் இல்லை. அறிக்கையைப் படித்த பலர் இந்த வரியைக் கவனிக்கவே இல்லை என்பதை, அடுத்த ஆட்டத்தன்று வாசலில் நின்று பேசியபோது தெரிந்துகொண்டேன்.

நான் பல வருடமாக சீசன் டிக்கெட் வாங்கி வருபவன். ஆட்ட நாட்களில் தெற்கு வாசலில் டிக்கெட் சரிபார்க்கும் தன்னார்வலர்களில் ஒருவன். கிளப்பின் ஆண்டுக் கணக்கறிக்கை வெளிவரும்போதெல்லாம் அதை உட்கார்ந்து முழுதாகப் படிக்கும் ஆள். இந்த மடலில் சொல்வது எல்லாம் வாசலில் கண்டதும் கணக்கில் கண்டதும்தான்.

ரசிகர்களுடனான வருடாந்தரக் கூட்டத்தில் நீங்கள் தவறாமல் சொல்லும் வார்த்தை "ஸ்திரம்". நாம் ஸ்திரமாக இருக்கிறோம், பக்கத்து கிளப்புகளைப் போலத் தத்தளிக்கவில்லை என்பீர்கள். சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை என்பது உண்மை. அதற்காக உரிமையாளருக்கு நன்றி சொல்ல எங்களில் யாரும் தயங்கியதில்லை. ஆனால் அந்தச் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து போனது? வரவு வருடாவருடம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. செலவு மட்டும் ஏறுகிறது. நடுவில் விழும் பள்ளத்தை உரிமையாளர் தன் பணத்தால் மூடுகிறார். அதை முதலீடு என்று கூட்டத்தில் சொல்கிறீர்கள். கணக்கறிக்கையைத் திறந்தால், "தொடர்புடைய தரப்பினருக்குச் செலுத்த வேண்டியது" என்ற தலைப்பின் கீழ் கடனாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த எண் பெரிதாகிறது. ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை.

இப்போது அந்தக் கடனைக் காரணம் காட்டித்தான் மைதானத்தைக் கேட்கிறீர்கள். என் மனம் ஒப்பாதது இதுதான். அன்பளிப்பு போல எங்களிடம் சொல்லப்பட்ட பணம் மைதானத்துக்கு விலையாக மாறிவிட்டது. அது கடன், திருப்பித் தர வேண்டியது, தராவிட்டால் மைதானம் போகும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால், அந்தப் பணத்தில் எந்த ஆட்டக்காரரை வாங்குகிறீர்கள், என்ன சம்பளம் பேசுகிறீர்கள் என்று நாங்கள் அப்போதே கேட்டிருப்போம்.

சரி, வரவு ஏன் நகரவில்லை? கீழ்நிலை லீக்கில் எல்லோருக்கும் இதே கதிதான், பெரிய பணமெல்லாம் மேலே போய்விடுகிறது என்று நீங்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. இங்கிலாந்தில் 1992இல் மேல்நிலை கிளப்புகள் பிரிந்து போய் பிரீமியர் லீக்கைத் தொடங்கியதிலிருந்து, தொலைக்காட்சிப் பணத்தில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. கீழே இருப்பவர்கள் அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போட்டாலும் ஆபத்து. கீழ்நிலை ஆட்டங்களை ஒளிபரப்ப 31.5 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்ட ஐடிவி டிஜிட்டல் என்ற தொலைக்காட்சி நிறுவனம் 2002இல் சரிந்தபோது, வராத பணத்தை வந்ததாக நினைத்துச் சம்பளம் பேசியிருந்த எத்தனையோ சிறிய கிளப்புகள் திவாலின் விளிம்புக்குப் போயின. ஆக, வெளியே நிலைமை மோசம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மீதிப் பாதி நம் கையில் இருந்தது. அதைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

கிழக்கு ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூரைத் தகடு பெயர்ந்தது என்று அதன் வடக்குப் பாதியை மூடி, மஞ்சள் நாடா கட்டினீர்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் சரிசெய்துவிடுவோம் என்றீர்கள். நாடா வெயிலில் வெளுத்து அறுந்துபோய், புது நாடா கட்டியாயிற்று. தகடு அப்படியேதான் இருக்கிறது. இரண்டு டிவிஷன் மேலே உள்ள ஒரு கிளப் கோப்பை ஆட்டத்துக்கு இங்கே வந்த அன்று நான் வாசலில் இருந்தேன். நம்மைப் போன்ற கிளப்புக்கு அப்படி ஒரு ஆட்டம் எப்போதாவதுதான் வாய்க்கும். ஆட்டம் தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இடம் தீர்ந்துவிட்டது என்று வரிசையைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். கையில் பணத்தோடு வந்தவர்கள் என் தோளுக்கு மேலே எட்டி, வெறுமையாகக் கிடந்த அந்தப் பாதி ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே, "அங்கே இடம் இருக்கிறதே?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? அன்று ஒரு நாள் இழந்த டிக்கெட் பணமே கூரை வேலையின் செலவில் கணிசமான பங்காக இருந்திருக்கும்.

மேற்கு ஸ்டாண்டுக்குக் கீழே உள்ள கூடத்தையும் சொல்ல வேண்டும். 24 அணிகள் உள்ள ஒரு லீக்கில் ஓர் அணி சொந்த மைதானத்தில் ஆடுவது 23 ஆட்டம். கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தாலும் வருடத்தில் 330 நாளுக்கு மேல் மைதானம் சும்மா இருக்கும். அந்த நாட்களில் ஏதாவது சம்பாதித்துக் கொடுக்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கூடம். ஒரு காலத்தில் கூட்டங்களுக்கும் வகுப்புகளுக்கும் வாடகைக்கு விட்டார்கள். இப்போது கதவைத் திறந்தால் ஈர நெடி. உடைந்த இருக்கைகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் விளம்பரப் பலகைகள் சுவரில் சாய்த்து அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் நம்மை விட்டுப் போன ஒரு ஸ்பான்சருடையது. முன்வரிசையில் இருக்கும் பலகையின் பெயிண்ட் இன்னும் புதிது. அவர்கள் ஏன் போனார்கள் என்று யாராவது போய்க் கேட்டீர்களா? நான் ஒருவரிடம் கேட்டேன். புதுப்பிக்கச் சொல்லி கிளப்பிலிருந்து யாரும் கூப்பிடவே இல்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றார்.

அப்புறம் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் அகாடமி. 12 வயதுப் பையன்கள் அணியில் இருந்தே நாங்கள் பார்த்து வந்த ஒரு நடுக்கள ஆட்டக்காரரை, முதல் அணியில் அவர் ஒரு முழு சீசன் ஆடுவதற்கு முன்பே விற்றீர்கள். தொகையைச் சொல்லவில்லை. அது வழக்கம்தான், புரிகிறது. ஆனால் அவரை வாங்கிய கிளப் பின்னால் அவரைப் பெரிய தொகைக்கு விற்றபோது நமக்கு எவ்வளவு வந்தது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மறுவிற்பனையில் பங்கு கேட்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில் வந்தது. அந்த மாதச் சம்பளத்துக்கு அவசரமாகப் பணம் வேண்டியிருந்தது, நிபந்தனை வைத்தால் பேரம் முறிந்துவிடும் என்று பயந்தோம் என்றீர்கள். விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவது என்பது இதுதான். நம்மைப் போன்ற கிளப்புக்குப் பெரிய பணம் வரக்கூடிய ஒரே நேரான வழியை அடைத்துவிட்டு, வரவு ஏறவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

இதே நிலையிலிருந்து வேறு வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் எக்ஸிடர் சிட்டி கிளப் 2003இல் கடனில் மூழ்கி, லீக்கிலிருந்தே கீழே இறங்கியிருந்த சமயம், ரசிகர் அறக்கட்டளை அதைக் கையில் எடுத்தது. 2005 ஜனவரியில், பெரிய கிளப்பும் சிறிய கிளப்பும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்துக்கே போய் கோல் இல்லாமல் சமன் செய்தார்கள். அந்த ஆட்டமும் மறு ஆட்டமும் கொண்டுவந்த பணத்தை அவர்கள் கடனை அடைக்கப் பயன்படுத்தினார்கள். நட்சத்திரம் யாரையும் வாங்கப் போகவில்லை. பிறகு அகாடமியைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே வளர்ந்த ஓலி வாட்கின்ஸை 2017இல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது மறுவிற்பனையில் பங்கு எழுதி வாங்கியிருந்தார்கள். 2020இல் அவர் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோது எக்ஸிடருக்கும் பணம் வந்தது. அவர்களும் கீழ்நிலை லீக்தான். அவர்களுக்கும் பெரிய தொலைக்காட்சிப் பணம் கிடையாது.

மைதானத்தைப் பிரித்தவர்களின் கதையும் ஒளிவுமறைவாக இல்லை. இயக்குநர்களே, யார்க் சிட்டிக்கு நடந்ததை ஒரு முறை படியுங்கள். 1932 முதல் அவர்கள் ஆடிவந்த பூத்தம் கிரசென்ட் மைதானம் 1999இல் கிளப்பின் கையிலிருந்து ஒரு தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. கிளப்பின் சொத்தைப் பாதுகாக்கவே என்று அப்போது சொன்னார்கள். மூன்று வருடத்துக்குள் கிளப் விற்பனைக்கு வந்து, மைதானத்தைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியும் வந்து, 2002 இறுதியில் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. 2003இல் ரசிகர் அறக்கட்டளை கிளப்பைக் காப்பாற்றியது. தங்களுடையதாகவே இருந்த மைதானத்தைத் திரும்ப வாங்க, அடுத்த வருடம் ஃபுட்பால் ஃபவுண்டேஷன் என்ற நிதியுதவி அமைப்பிடம் 20 லட்சம் பவுண்ட் கடன் வாங்க வேண்டி வந்தது.

பிரைட்டன் இன்னும் மோசம். கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1995இல் அப்போதைய இயக்குநர்கள் விற்றார்கள். மாற்று இடம் தயாராக இல்லை. 1997இல் கடைசி ஆட்டம் முடிந்து, இரண்டு சீசனுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள ஜில்லிங்ஹாமில் "சொந்த" ஆட்டங்களை ஆடினார்கள். அதன் பிறகு ஒரு தடகள மைதானத்தில் தற்காலிக இருக்கைகள் போட்டு 2011 வரை காலம் தள்ளினார்கள். இன்று பிரைட்டன் மேல்நிலையில் ஆடுவதைப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தானே முடிந்தது என்று யாராவது சொல்லலாம். பெரும் பணக்காரரான ஒரு ரசிகர் கிளப்பை ஏற்றுப் புது மைதானமும் கட்டிக் கொடுத்தார் என்பதால் அப்படி முடிந்தது. அதே அதிர்ஷ்டம் நமக்கும் வாய்க்கும் என்று வைத்துத் திட்டம் போட முடியாது. விம்பிள்டன் கிளப் 1991இல் தன் மைதானமான ப்ளவ் லேனை விட்டு வெளியேறி, அந்த இடம் 1998இல் விற்கப்பட்டு, கடைசியில் கிளப்பே வேறு ஊருக்கு மாற்றப்பட்டது. ரசிகர்கள் 2002இல் ஏஎஃப்சி விம்பிள்டனைப் புதிதாகத் தொடங்கி, ஒன்பதாவது அடுக்கிலிருந்து ஏறி, ப்ளவ் லேனில் மறுபடி கால் வைக்க 2020 நவம்பர் ஆயிற்று. பரி கிளப்பின் மைதானமும் அடமானத்தில் இருந்தது. 1885இல் தொடங்கி இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்ற கிளப் அது. 2019 ஏப்ரல் இறுதியில் மேல் டிவிஷனுக்கு ஏறிவிட்டோம் என்று கொண்டாடினார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 27ஆம் தேதி லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆடுகளத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் கணக்கில் இப்படி முடியலாம்.

உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்றைய உரிமையாளர் மைதானத்தை இடித்து வீடு கட்டுவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் என்றைக்குமே உரிமையாளராக இருக்கப் போவதில்லை. அவருக்குப் பிறகு அந்தத் தனி நிறுவனம் யார் கைக்குப் போகும்? அவருடைய வாரிசுகளுக்குக் கால்பந்தில் ஆர்வம் இல்லையென்றால்? அந்த நிறுவனம் வேறு தொழிலுக்கு வாங்கிய கடனுக்கு மைதானத்தை ஈடாக வைத்தால்? நாளைக்குக் கிளப்பை வாங்க நல்ல ஆள் ஒருவர் வந்தாலும், மைதானம் இல்லாத கிளப்பை அவர் எதற்காக வாங்க வேண்டும்? இப்போது நம்மிடம் உள்ள ஒரே பெரிய சொத்து அந்த நிலம். அது போனால் இருப்பது கடன் வாங்கும் தகுதிகூட இல்லாத ஒரு பெயர்.

இதைத் தடுக்க வழிகள் இருக்கின்றன. செல்சி போன்ற பெரிய கிளப்பிலேயே 1993இல் அதன் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜின் நில உரிமையை ரசிகர்கள் பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடு தொடங்கியது. கிளப்பின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையும் அதோடு கட்டப்பட்டது. 2011இல் கிளப் அந்த நிலத்தைத் திரும்ப வாங்கப் பார்த்தபோது, தேவையான 75 சதவீத வாக்கு கிடைக்காமல் முயற்சி தோற்றது. ஜெர்மனியில் கிளப் உறுப்பினர்களிடமே பெரும்பான்மை வாக்குரிமை இருக்க வேண்டும் என்ற 50+1 விதி 1998 முதல் இருக்கிறது. இங்கிலாந்தில் 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம், கிளப்புகள் தங்கள் சொந்த மைதானத்தை விற்பதற்கோ இடம் மாறுவதற்கோ முன்பு தனி ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. எத்தனையோ கிளப்புகள் கெட்ட பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. நாமும் கெட்ட பிறகு கற்றுக்கொள்ள வேண்டுமா?

ரசிகர்கள் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. போர்ட்ஸ்மவுத்தை 2013இல் காப்பாற்றிய ரசிகர்களே, இனி மேலே போகப் பெரிய பணம் வேண்டும் என்று 2017இல் வாக்களித்து அதை விற்றார்கள். உரிமையாளரின் பணம் நமக்கும் தேவை. உரிமையாளர் விலக வேண்டும் என்று இந்த மடலில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் போர்ட்ஸ்மவுத்தில் விற்பதா வேண்டாமா என்பதை ரசிகர்கள் விவாதித்து வாக்களித்து முடிவு செய்தார்கள். நமக்கு அறிக்கையின் மூன்றாவது பத்தியில் ஒரு வரி.

ஆகவே இயக்குநர் குழுவிடம் கேட்பது இவை.

மைதான மாற்றத்தை உடனே நிறுத்தி வையுங்கள். அதற்காகத் தயாரித்த ஆவணங்களை, மதிப்பீட்டு அறிக்கை, குத்தகையின் வரைவு, அந்தத் தனி நிறுவனத்தின் உரிமையாளர்கள் யார் என்ற விவரம் உட்பட, அடுத்த பங்குதாரர் கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு வெளியிடுங்கள். சுருக்கம் வேண்டாம், முழு ஆவணம் வேண்டும். கிளப்போடு தொடர்பில்லாத ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டு நிலத்தின் விலையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

உரிமையாளரின் கடனைப் பங்காக மாற்றுங்கள். முழுதாக முடியாது என்றால் இத்தனை வருடத்தில் இவ்வளவு என்று எழுத்தில் கொடுங்கள். இனிமேல் உள்ளே வரும் பணம் கடனா பங்கா என்பதை வரும் அன்றே சொல்லுங்கள்.

மைதானத்தை விற்கவோ, மாற்றவோ, அடமானம் வைக்கவோ, சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியைக் கிளப்பின் அமைப்பு விதிகளில் சேர்த்துவிடுங்கள். இன்றைய உரிமையாளருக்கு மைதானத்தை விற்கும் எண்ணம் இல்லையென்றால் இந்த விதியால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை.

இயக்குநர் குழுவில் ரசிகர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு இடம் கொடுங்கள். வாக்குரிமையோடு, எல்லா நிதி ஆவணங்களையும் பார்க்கும் உரிமையோடு. பார்வையாளராக ஓர் ஓரத்தில் உட்கார வைப்பதில் பயன் இல்லை.

அகாடமியில் வளர்ந்த எந்த ஆட்டக்காரரையும் மறுவிற்பனைப் பங்கு இல்லாமல் விற்பதில்லை என்று முடிவெடுத்து அறிவியுங்கள். கிழக்கு ஸ்டாண்டின் கூரை வேலைக்கு ஒரு தேதி சொல்லுங்கள், அந்தத் தேதி தவறினால் யார் பொறுப்பு என்றும் சொல்லுங்கள். மேற்குக் கூடத்தின் சாவியை எங்களிடம் கொடுங்கள். சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, வாடகைக்கு விடும் நிலைக்குக் கொண்டுவர ஆள் திரட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன். வருகிற வாடகை முழுவதும் கிளப்புக்கே. விட்டுப்போன ஸ்பான்சர்களைத் திரும்பப் போய்ப் பார்க்கவும் எங்களில் பலர் தயார். அவர்களின் பட்டியல் மட்டும் வேண்டும்.

சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் கடைசித் தேதிக்கு முன்பாக எழுத்தில் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். தெற்கு வாசலில் என்னோடு நிற்கும் தன்னார்வலர்கள் இந்த மடலைப் படித்து, தங்கள் பெயரையும் இதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்திட்ட பிரதி அலுவலகத்தில் நேரில் தரப்படும்.

இப்படிக்கு,
தெற்கு வாசல் தன்னார்வலர்களுக்காக,
சீசன் டிக்கெட் வைத்திருக்கும் ஒரு ரசிகர்